அழுங்குக் குட்டி எங்கே தூங்கும்? ஒரு படப்புத்தகம் உருவான அனுபவம்

செதில் மூடிய எறும்புத்தின்னியான அழுங்கைப் பற்றி நான் எழுதிய முதல் கைப்பிரதி 1,400 சொற்கள் கொண்டது. அதில் அழுங்கு பேசும். தன் செதில்களைப் பார்த்துப் பெருமைப்படும். மற்ற விலங்குகளை ஏளனம் செய்யும். கடைசியில் ஓர் ஆபத்தில் சிக்கி, பெருமை கூடாது என்று தெரிந்துகொள்ளும். எழுதி முடித்தபோது எனக்கு நிறைவாகவே இருந்தது. நான்கு வயது முதல் ஏழு வயது வரையுள்ள பன்னிரண்டு குழந்தைகளை உட்காரவைத்து அதை வாசித்துக் காட்டினேன். பாதிக் கதையைத் தாண்டுவதற்குள் மூன்று பேர் எழுந்து விளையாடப் போய்விட்டார்கள். முடியும் வரை காத்திருந்த ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, "அம்மா மேல எல்லாம் முள்ளு மாதிரி செதில் இருந்தா, குட்டி எங்க தூங்கும்? குத்தாதா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

அன்று இரவு கைப்பிரதியை எடுத்து, அழுங்கு என்று வரும் இடத்திலெல்லாம் முள்ளம்பன்றி என்று போட்டுப் படித்தேன். ஒரு வரியும் இடறவில்லை. ஆமை என்று போட்டேன். அப்போதும் கதை அப்படியே ஓடியது. என் கதையில் அழுங்கே இல்லை, அழுங்கின் வேடத்தில் ஓர் அறிவுரைதான் இருந்தது என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. இந்தப் பெயர் மாற்றும் சோதனையை அதன் பிறகு நான் எழுதும் ஒவ்வொரு விலங்குக் கதைக்கும் செய்கிறேன். விலங்கின் பெயரை மாற்றியும் கதை குலையாமல் நின்றால், அந்த விலங்கைப் பற்றி நான் இன்னும் ஒன்றும் தெரிந்துகொள்ளவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

கைப்பிரதியை ஓரமாக வைத்துவிட்டு ஐந்து மாதங்கள் படிப்பதிலும் கேட்பதிலும் கழித்தேன். உலகில் எட்டு வகை அழுங்குகள் இருக்கின்றன. நான்கு ஆசியாவில், நான்கு ஆப்பிரிக்காவில். நம் நகமும் முடியும் எந்தக் கெரட்டினால் ஆனவையோ, அதே கெரட்டினால் ஆனவைதான் அதன் செதில்களும். அதற்குப் பற்களே கிடையாது. விழுங்கும் சிறு கற்களும் மணலும் வயிற்றுக்குள் இரையை அரைக்க உதவுகின்றன. நாக்கு மிக நீளமானது. அதன் அடி வாயில் இல்லாமல் கடைசி விலா எலும்புகளுக்கு அருகில் தொடங்குகிறது. கண் பார்வை மங்கல், மோப்பம் கூர்மை. பெரும்பாலும் ஒரே ஒரு குட்டிதான் பிறக்கும். பிறந்த குட்டியின் செதில்கள் வெளிறி, மென்மையாக இருந்து, சில நாட்களில் கெட்டிப்படும். முதல் சில வாரங்கள் வளைக்குள்ளேயே இருக்கும் குட்டி, பிறகு தாயின் வாலின் அடிப்பகுதியில் ஏறிக்கொண்டு வெளியே வரத் தொடங்குகிறது. ஆபத்து வந்தால் தாய் பந்தாகச் சுருண்டுகொள்வாள். குட்டி அந்தப் பந்துக்குள் இருக்கும். தாயின் வயிற்றுப் பக்கம் செதில் கிடையாது. அந்தச் சிறுமியின் கேள்விக்கு விடை அங்கே இருந்தது. குத்தாத ஓர் இடம் அந்த உடம்பில் உண்டு, குட்டி அங்கேதான் தூங்குகிறது.

பெயரிலேயே நான் கொஞ்ச நாள் தடுமாறினேன். எறும்புத்தின்னி என்பது பலருக்கும் பழகிய பெயர். ஆனால் தென் அமெரிக்காவில் உள்ள, உடம்பெல்லாம் முடி அடர்ந்த வேறொரு விலங்கையும் அதே பெயரால் சொல்கிறோம். இரண்டும் உறவுகள் அல்ல. மரபணு ஆய்வுகளின்படி அழுங்குக்கு நெருங்கிய சொந்தம் பூனையும் நாயும் அடங்கிய ஊனுண்ணிக் கூட்டம். குழந்தை பின்னாளில் குழம்பக்கூடாது என்பதற்காக அழுங்கு என்ற சொல்லையே வைத்துக்கொண்டேன். நான்கு வயதுக் குழந்தைக்கு அந்த ழகரம் கடினம் என்று பதிப்பாசிரியர் தயங்கினார். கடினமான ஒரே ஒரு சொல், அதுவும் புத்தகத்தின் நாயகனுடைய பெயர் என்றால், குழந்தைகள் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்க்க விரும்புவார்கள் என்பது என் அனுபவம்.

வனவிலங்கு ஆய்வாளர் ஒருவர் தன் தானியங்கிக் கேமராவில் பதிவான காட்சிகளைப் பார்க்கக் கொடுத்தார். அவற்றில் நாற்பது விநாடி ஓடும் ஒரு துண்டை நூறு முறையாவது பார்த்திருப்பேன். வளையின் வாயில் முதலில் ஒரு மூக்கு மட்டும் தெரியும். அது மேலும் கீழுமாக, பக்கவாட்டில் ஒரு முறை, மீண்டும் மேலாக என்று காற்றை முகர்ந்துகொண்டே பத்து விநாடி நிற்கும். பிறகு முன்கால்கள் வரும். நீண்ட நகங்களை உள்பக்கமாக மடக்கிக்கொண்டு, மடங்கிய கையை ஊன்றுவது போல நடக்கும். முதுகு, இடுப்பு, கடைசியாக வால். வாலின் மேல் குப்புறப் படுத்தபடி, தாயின் செதில் விளிம்புகளை நகத்தால் பற்றிக்கொண்டு ஒரு குட்டி. தாய் ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் குட்டி ஒரு பக்கம் சாய்ந்து, மறுபடி நிமிரும். இதில் நான் கற்பனையால் சேர்க்க வேண்டியது எதுவும் இருக்கவில்லை. குட்டி முதல்முறையாக வெளியே வரும் ஓர் இரவு என்பதே கதையாகிவிட்டது: வளையை விட்டு வருவது, எறும்புப் புற்று, சிறுத்தை, சுருளுதல், காத்திருத்தல், திரும்புதல்.

தகவல்களைத் திரட்டுகிறவர்களுக்கு ஒரு யோசனை. நோட்டுப் புத்தகத்தில் பக்கத்தை இரண்டாகப் பிரித்து, கண்ணால் காணக்கூடியவற்றை ஒரு பக்கமும், சொன்னால்தான் தெரியக்கூடியவற்றை மறுபக்கமும் எழுதுங்கள். வாலில் குட்டி சவாரி செய்வது முதல் பக்கம்; நாக்கின் அடி விலா எலும்புக்கு அருகில் இருப்பது இரண்டாம் பக்கம். முதல் பக்கத்தில் உள்ளவற்றால் மட்டுமே நான் கதையைக் கட்டினேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தவற்றில் சில, பெரியவர்கள் குழந்தைக்குப் படித்துச் சொல்லும் வகையில் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களுக்குப் போயின. நாக்கைப் பற்றிய செய்தியைக் கதைக்குள்ளேயே நுழைத்துவிட நான் பல நாள் முயன்றேன். ஒவ்வொரு முறையும் கதை நின்று பாடம் தொடங்கியது.

படப்புத்தகம் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைவதற்குக் காரணம் அச்சு இயந்திரம்தான். பெரிய தாள் ஒன்றின் இரு புறமும் எட்டெட்டுப் பக்கங்களை அச்சிட்டு மூன்று முறை மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம் கிடைக்கும். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் 32. தலைப்புப் பக்கம், பதிப்பு விவரம், பின்னிணைப்பு எல்லாம் போக எனக்குக் கிடைத்தவை 13 இரட்டைப் பக்கங்கள், அதாவது விரிப்புகள். கதைக்குள் 12 முறை தாளைத் திருப்பலாம். எழுதுவதற்கு முன்பே எட்டு வெள்ளைத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 32 பக்கமுள்ள ஒரு வெற்றுப் புத்தகம் கையில் வந்துவிடும். நான் அதில் பென்சிலால் எழுதிக்கொண்டே போவேன். தாளைத் திருப்பும் உணர்வைக் கணினித் திரை எனக்குத் தரவில்லை. கையால் திருப்பிப் பார்த்தபோதுதான், சிறுத்தை ஏழாவது விரிப்பில் வந்தால் மிகவும் முன்னதாக வந்துவிடுகிறது என்று தெரிந்தது.

தாள் திருப்பலைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் படப்புத்தகத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன். வலப்பக்கத்தின் கடைசிச் சொல்லுக்கும் அடுத்த இடப்பக்கத்தின் முதல் படத்துக்கும் நடுவே ஒரு மூச்சு அளவு இடைவெளி இருக்கிறது, அந்த மூச்சு முழுக்கக் குழந்தைக்குச் சொந்தமானது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. யார், யாரை, எங்கே என்பதையெல்லாம் சொல்லிவிட்டு, என்ன செய்தார் என்பதை மட்டும் தாளுக்கு அப்பால் ஒளித்து வைக்கலாம். என் புத்தகத்தில் ஒரு வலப்பக்கம் இப்படி முடிகிறது: "சருகு சரசரத்தது. அம்மா தலையைத் தூக்கினாள். வாலில் இருந்த குட்டியை..." தாளைத் திருப்பினால், "வயிற்றுக்குள் வைத்துச் சுருண்டாள்." முதல் வரைவில் நான் இதையே "அம்மா உடனே சுருண்டாள், ஏனென்றால் குட்டியைக் காப்பாற்ற வேண்டும்" என்று எழுதியிருந்தேன். செயலை முன்னால் சொல்லிக் காரணத்தைப் பின்னால் ஒட்டவைத்த அந்த வாக்கியத்தில், தாளைத் திருப்புவதற்கு எந்த அவசியமும் இருக்கவில்லை.

அம்மா சுருண்டாளா, சுருண்டதா என்பது தனியாக ஒரு வாரம் எடுத்துக்கொண்டது. விலங்குகள் நம் இலக்கணத்தில் அஃறிணை. ஆனால் "அம்மா வந்தது" என்று ஒரு குழந்தையிடம் வாசிக்க என் நாக்கு வரவில்லை. எல்லாவற்றையும் உயர்திணையாக்கினால், சிறுத்தையும் சிறுத்தையார் ஆகிவிடும். நான் விட்டு விலகி வந்த பழைய கைப்பிரதியின் வாசனை மீண்டும் வந்துவிடும். நெடுநேரம் வாய்விட்டு வாசித்துப் பார்த்த பிறகு, அம்மாவுக்கு மட்டும் "வந்தாள்", குட்டிக்கும் சிறுத்தைக்கும் "வந்தது" என்று முடிவு செய்தேன். கதையை நாம் பார்ப்பது குட்டி இருக்கும் இடத்திலிருந்து. அங்கிருந்து பார்த்தால் அம்மா அம்மாதான். ஒரே பக்கத்தில் இரு திணையும் கலக்கின்றன என்று பதிப்பாசிரியர் முதலில் மறுத்தார். அவரையே சத்தமாக வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது பக்கத்தில் ஒப்புக்கொண்டார்.

குட்டி என்ற சொல்லிலும் ஒரு சலனம் இருந்தது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களின் இளமைக்கு ஒன்பது பெயர்களைச் சொல்கிறது. பறழும் குருளையும் எத்தனை அழகான சொற்கள்! ஒன்றையாவது மீட்டுக் கொண்டுவர ஆசைப்பட்டேன். ஆனால் ஏற்கெனவே அழுங்கு என்ற புதிய சொல்லைக் குழந்தையின் கையில் கொடுத்திருக்கிறேன், இரண்டாவது புதிய சொல் முதலாவதை மறைத்துவிடும் என்று தோன்றியதால் குட்டியிலேயே நின்றுகொண்டேன்.

ஒலிக்கு நான் அதிகம் உழைத்தேன். குழந்தைகளுக்கான படநூல் என்ற எண்ணத்துக்கே விலங்கின் ஒலியோடு பழைய உறவு உண்டு; கல்வியாளர் கொமேனியஸ் 1658இல் வெளியிட்ட படப் பாடநூலின் தொடக்கத்தில், காகத்தின் கரைதலும் ஆட்டுக்குட்டியின் கத்தலும்தான் எழுத்துகளைக் கற்பிக்கின்றன. ஆனால் அழுங்கு பெரும்பாலும் சத்தமில்லாத விலங்கு. அதற்கு ஒரு குரலைக் கற்பித்து வைப்பது பொய். ஆகவே அதைச் சுற்றியுள்ளவற்றின் ஒலிகளை எடுத்துக்கொண்டேன்: சருகின் சரசரப்பு, நகம் புற்றைப் பறிக்கும் "பறட், பறட்", நாக்கு போய் வரும் "சர்ர்". இந்த மூன்றும் எட்டாவது விரிப்பு வரை மாறி மாறி வரும். ஒன்பதாவது விரிப்பில் அழுங்கு பந்தாகக் கிடக்கும். அங்கே ஒரு சொல்கூட இல்லை. முதலில் அங்கும் நான்கு வரி எழுதி வைத்திருந்தேன். அவற்றை எடுத்த பிறகு வாசித்துக் காட்டியபோது, வாசிக்கிற நானே பேச்சற்றுப்போக, குழந்தைகள் அத்தனை பேரும் முன்னால் சாய்ந்து படத்துக்கு அருகில் வந்தார்கள்.

1,400 சொற்கள் கடைசியில் 212 ஆயின. ஒவ்வொரு வாக்கியத்தையும் எடுத்து, இதை ஓவியம் சொல்லிவிடுமா என்று கேட்பதுதான் முறை. சொல்லிவிடும் என்றால் அடிக்க வேண்டும். "நிலவொளியில் வெள்ளிக்காசு போல் மின்னிய செதில்கள்" என்ற வரியை அடிக்க எனக்கு மனமே வரவில்லை. ஆனால் பெரியவர் வாசிக்கும்போது குழந்தை எழுத்தைப் பார்ப்பதில்லை, படத்தை வாசித்துக்கொண்டிருக்கிறது. அதன் கண் முன்னால் மின்னிக்கொண்டிருப்பதையே காதுக்கும் சொன்னால், இரண்டில் ஒன்று வீண். ஓவியத்தால் சொல்ல முடியாதவை என்று அப்போது எனக்கு மிஞ்சியவை மணம், ஒலி, நேரம் ஆகிய மூன்றுதான். "காற்றில் மழை மணம் இருந்தது" என்ற வரி அதனால்தான் பிழைத்தது.

இனி ஓவியரைப் பற்றி. அவர் திறமை மிக்கவர். ஆனால் அழுங்கை நேரில் பார்த்தவர் அல்லர், நானும் அல்ல. இணையத்தில் கிடைத்த படங்களைப் பார்த்து அவர் அனுப்பிய முதல் கோட்டோவியத்தில் அழுங்கு இரண்டு பின்கால்களில் நடந்தது. செதில்களுக்கு இடையில் முடியே இல்லை. வால் மரக்கிளையைச் சுற்றிக்கொள்ளும் அளவுக்கு நீண்டிருந்தது. வாயைத் திறந்து சிரித்தது, உள்ளே வரிசையாகப் பற்கள். பின்கால்களில் நடப்பது ஆப்பிரிக்கத் தரை அழுங்கு ஒன்றின் பழக்கம். நாங்கள் எடுத்துக்கொண்டதோ ஆசிய இனம். ஆசிய அழுங்குகளின் செதில்களுக்கு இடையே முரட்டு முடிகள் உண்டு, ஆப்பிரிக்க இனங்களுக்கு இல்லை. அவர் பார்த்த ஒவ்வொரு படமும் உண்மையானதுதான், ஆனால் மூன்று இனங்களின் உடல்கள் ஒரே விலங்கில் வந்து சேர்ந்திருந்தன. அதன் பிறகு எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டோம்: இனத்தின் பெயர் உறுதியாகத் தெரியாத புகைப்படத்தை மேசைமீது வைப்பதில்லை.

இது சிறிய விஷயம் என்று எனக்குத் தோன்றவில்லை. ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1515இல் காண்டாமிருகத்தை நேரில் பார்க்காமல், பிறர் அனுப்பிய குறிப்பையும் கோட்டோவியத்தையும் வைத்து மரச்செதுக்குப் படமாக்கினார். உடம்பில் போர்க்கவசம் போன்ற தகடுகளையும், தோளின்மேல் இல்லாத ஒரு சிறு கொம்பையும் வரைந்தார். அந்தப் படம் அழகாக இருந்ததால், ஐரோப்பாவில் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காண்டாமிருகம் என்றால் அதுதான் என்று நம்பினார்கள். நான்கு கால் பாய்ச்சலில் ஓடும் குதிரையை முன்கால்கள் முன்னாலும் பின்கால்கள் பின்னாலும் நீண்டிருக்க அந்தரத்தில் பறப்பதாக ஓவியர்கள் காலங்காலமாக வரைந்துவந்தார்கள். புகைப்படக் கலைஞர் மைபிரிட்ஜ் 1878இல் எடுத்த வரிசைப் புகைப்படங்களில்தான், நான்கு குளம்புகளும் தரையை விட்டு எழும் நொடியில் கால்கள் வயிற்றுக்குக் கீழே மடங்கியிருப்பது தெரிந்தது. அழுங்கை வாழ்நாளில் நேரில் பார்க்கப்போகாத குழந்தைக்கு எங்கள் ஓவியம்தான் அழுங்கு. அந்தப் பொறுப்பை நான் மிகவும் பெரிதாக எண்ணுகிறேன்.

பற்களை ஓவியர் உடனே எடுத்துவிட்டார். கண்ணில்தான் கருத்து வேறுபாடு வந்தது. அழுங்கின் கண் சிறியது, தடித்த இமைகள் கொண்டது. குழந்தைகள் விலங்கின் கண் வழியாகத்தான் அதனோடு உறவாடுவார்கள், ஆகவே பெரிதாக வரைய வேண்டும் என்றார் அவர். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பல வரைவுகளுக்குப் பிறகு கண்ணைச் சிறிதாகவே விட்டுவிட்டு, உணர்ச்சி அனைத்தையும் மூக்குக்கும் வாலுக்கும் மாற்றினார். பயத்தில் மூக்கு உள்ளிழுத்துக்கொள்ளும், ஆர்வத்தில் நீளும், குட்டி வாலை இறுகப் பற்றும், அல்லது ஒரு காலைத் தொங்கவிட்டு ஆட்டும். கண்ணைப் பெரிதாக்கியிருந்தால் இந்த உடல்மொழி எதுவும் கிடைத்திருக்காது. அதற்கு முன் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். தொடக்கத்தில் அவருடைய ஓவியத்தின் மேலேயே கோடு போட்டுத் திருத்தி அனுப்பினேன், அது அவரைப் புண்படுத்தியது. பிறகு எது உண்மைக்குப் புறம்பானது, ஏன் என்பதை மட்டும் ஒரு புகைப்படத்தோடு எழுதி அனுப்பினேன். எப்படிச் சரிசெய்வது என்பதை அவரிடமே விட்டேன். அப்படி விட்ட பிறகுதான் பார்வை உயரத்தைத் தரைக்கு இறக்கி, சிறுத்தையைக் குட்டி பார்க்கும் கோணத்தில் நான்கு கால்களாக மட்டும் காட்டும் எண்ணம் அவருக்கு வந்தது. எழுத்தில் எங்கும் இல்லாத ஓர் அந்துப்பூச்சியை எல்லா விரிப்பிலும் எங்கேயோ ஓரிடத்தில் வரைந்து வைத்ததும் அவர்தான். குழந்தைகள் இன்றும் அதைத்தான் தேடுகிறார்கள்.

நிலாவையும் நாங்கள் முதலில் கவனிக்கவில்லை. இரண்டாவது விரிப்பில் பிறை, பத்தாவதில் முழுநிலா. ஆறு வயதுப் பையன் ஒருவன், "ஒரே ராத்திரியில நிலா எப்படிப் பெரிசாச்சு?" என்றான். அந்தி தொடங்கி விடியும் வரை நிலவொளி வேண்டுமென்றால் முழுநிலாதான் பொருந்தும். அது சூரியன் மறையும் நேரத்தை ஒட்டி எழுந்து, விடியும் நேரத்தை ஒட்டி மறைகிறது. ஓவியர் எல்லா விரிப்பிலும் நிலாவை வரைந்து, அடிவானத்திலிருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து மறுபக்க அடிவானத்துக்கும் நகர்த்தினார். "நேரம் ஆயிற்று" என்று நான் எழுதியிருந்த மூன்று வரிகள் அதனால் தேவையற்றுப் போயின.

கோட்டோவியங்களை நகலெடுத்து ஒட்டிய மாதிரிப் புத்தகத்தோடு மூன்று குழந்தைக் கூட்டங்களுக்குப் போனேன். பிடித்திருக்கிறதா என்று கேட்பதில் பயனில்லை. குழந்தைகள் நம் முகத்தைப் பார்த்துப் பிடித்திருக்கிறது என்றுதான் சொல்வார்கள். அவர்கள் விரல் எங்கே போகிறது, எந்தப் பக்கத்தில் பக்கத்துப் பிள்ளையோடு பேசத் தொடங்குகிறார்கள், எந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போகச் சொல்கிறார்கள் என்பவற்றைத்தான் குறித்துக்கொண்டேன். நான்காவது விரிப்பில் எல்லோரும் குட்டி எங்கே என்று தேடினார்கள். புத்தகமாகத் தைத்தபோது குட்டியின் முகம் சரியாக நடுமடிப்புக்குள் போய்விட்டிருந்தது. திரையில் இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் பார்த்த எங்களுக்கு அது தெரியவே இல்லை. முகமோ கையோ எழுத்தோ நடுமடிப்பிலிருந்து ஒரு விரல் அகலமாவது தள்ளியிருக்க வேண்டும் என்பதை அங்கே கற்றேன்.

அதே கூட்டத்தில் ஒரு சிறுவன், சொல்லில்லாத அந்த ஒன்பதாவது விரிப்பு வந்ததும் புத்தகத்தைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டான். பந்தின் ஓரத்தில் வால் வந்து முடியும் இடத்தில் நகத்தை வைத்து, மெதுவாகச் சுரண்டினான். தாள் லேசாகக் கிழிந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "தொறக்கல" என்றான். அடுத்த தாளைத் திருப்பும்படி சொன்னேன். அங்கே பந்தின் உட்புறம்: செதிலற்ற வயிறு, அதில் முகம் புதைத்த குட்டி, "உள்ளே இருட்டு. உள்ளே வெதுவெதுப்பு" என்று இரண்டே வரி. அவன் நகத்தை எடுத்துவிட்டு உள்ளங்கையை அந்தப் படத்தின்மேல் வைத்தான். அந்த விரிப்பை அதன் பிறகு யாரும் தொடவில்லை. பதிப்பாசிரியர் இன்னொரு வரி சேர்க்கலாமே என்று கேட்டபோதும் நான் சம்மதிக்கவில்லை.

அச்சுக்குப் போகும்போது இரவுக் கதைக்கு உரிய தொல்லை வந்தது. திரை தானே ஒளிர்வது. தாளோ வெளியிலிருந்து விழும் ஒளியைத் திருப்பித் தருவது. திரையில் பளிச்சென்றிருந்த கருநீல இரவு, நான்கு மைகளில் அச்சான முதல் மெய்ப்பில் சேறு போல் அப்பிக் கிடந்தது, அந்துப்பூச்சியைக் காணவில்லை. பளபளப்பற்ற தாள் மையை இன்னும் அதிகமாக உறிஞ்சும். ஓவியர் எல்லா விரிப்புகளையும் வெளிச்சமாக்கி, நிழல் பகுதிகளில் மையின் மொத்த அளவைக் குறைத்தார். இருண்ட பின்னணியில் எழுத்தை வெள்ளையாக விட நினைத்திருந்தோம். நான்கு மைகளும் மயிரிழை விலகினால்கூட அந்த வெள்ளை எழுத்தின் ஓரங்களில் நிறம் கசியும் என்று அச்சக மேலாளர் எச்சரித்தார். ஆகவே ஒவ்வொரு விரிப்பிலும் நிலவொளி விழும் மணலாகவோ வெளிறிய வானமாகவோ ஓரிடம் ஒதுக்கி, எழுத்தை வெறும் கருப்பு மையில் வைத்தோம். இதற்கு இன்னொரு பலனும் உண்டு: நாளை இன்னொரு மொழியில் அச்சிட்டால், கருப்பு மைக்கான அச்சுத் தகட்டை மட்டும் மாற்றினால் போதும். தாளின் ஓரத்தை வெட்டும்போது வெள்ளைக் கோடு தெரியாமலிருக்க ஓவியம் எல்லாப் பக்கமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக நீள வேண்டும் என்பதையும் வரையத் தொடங்கும் முன்பே ஓவியரிடம் சொல்லிவிட வேண்டும்.

வேட்டையைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதுதான் கடைசிக் கேள்வி. சிறுத்தையின் பல்லைத் தோற்கடிக்கும் அந்தச் சுருள், மனிதனுக்கு முன்னால் அதையே காட்டிக்கொடுக்கிறது. சுருண்டு அசையாமல் கிடக்கும் விலங்கை இரு கைகளால் தூக்கிக்கொண்டு போய்விடலாம். செதிலுக்காகவும் இறைச்சிக்காகவும் அப்படித்தான் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எட்டு இனங்களையும் பன்னாட்டு வணிகத்துக்குத் தடை விதிக்கும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் சேர்க்க 2016இல் முடிவாகி, 2017இல் அது நடைமுறைக்கு வந்தது. இதையெல்லாம் பெரியவர்களுக்கான பின்னிணைப்பில் எழுதினேன். கதைக்குள் கொண்டுவரவில்லை. நான்கு வயதில் ஒரு விலங்கை முதல்முறை சந்திக்கும் குழந்தை, அதன் சாவோடு சேர்த்து அதைச் சந்திக்க வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதை நேசிக்கத் தொடங்கிய பிறகு கேள்விகள் தாமாக வரும், அப்போது படித்துச் சொல்ல அந்தப் பக்கம் அங்கே காத்திருக்கிறது.

புத்தகம் வெளிவந்து சில மாதங்களில் பூச்சியியல் படிக்கும் மாணவர் ஒருவர் எழுதினார். ஆறாவது விரிப்பில், கலைந்த புற்றிலிருந்து எறும்புகள் அரிசி போன்ற வெள்ளைப் பொருள்களைக் கவ்விக்கொண்டு ஓடுகின்றன. நான் அவற்றை எறும்பு முட்டை என்று எழுதியிருந்தேன். நாம் வழக்கமாக அப்படிச் சொன்னாலும், அந்த அளவில் கண்ணுக்குத் தெரிபவை புழுக்களும் கூட்டுப்புழுக்களுமே. உண்மையான முட்டை அதைவிட மிகச் சிறியது. ஓவியம் சரியாக இருந்தது, என் சொல்தான் தவறாக இருந்தது. இரண்டாம் அச்சில் அந்த வரி "எறும்புகள் தங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடின" என்று மாறியிருக்கிறது.